உடலின் முப்புரி

மார்கழித் திங்களில் மயிலாப்பூர்ச் சபைகளில் மிருதங்கம் கேட்போர் அதன் நாதத்தில் மனத்தைப் பறிகொடுப்பர். அந்த நாதத்தைத் தாங்கி நிற்கும் தோலை நினைப்பவர் சிலரே. வாரினால் இறுக இழுத்துக் கட்டிய அத்தோல், ஒரே கச்சேரியில் எண்ணற்ற அடிகளைத் தாங்குகிறது, கிழிவதில்லை, தொய்வதுமில்லை. அடிபடுவது விலங்கின் தோல். அடிப்பது மனிதனின் விரல். ஆயினும் அந்த விரலின் தோலும், உள்ளே இருக்கும் எலும்பும், எலும்பைத் தசையோடு பிணைக்கும் நாணும், விரல் விழுகின்ற வலந்தலைத் தோலும் ஒரே பொருளால் உறுதி பெற்றவை. அப்பொருளுக்குக் கொலாஜன் என்று பெயர். அது புரதங்களுள் ஒன்று.

புரதம் என்றவுடன் பருப்பும் பாலும் முட்டையுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவை உணவாக வரும் புரதங்கள். உடலோ அவற்றை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. பழைய வீட்டைப் பிரித்து, அதன் செங்கற்களைக் கொண்டு புது வீடு கட்டுவது போல, உண்ட புரதத்தைச் சிறு சிறு கூறுகளாகச் சிதைத்துத் தனக்கு வேண்டிய புரதங்களைத் தானே கட்டிக்கொள்கிறது. (கொலாஜன் தூளைக் கரைத்துக் குடித்தால் அது நேரே முகத்தின் தோலில் போய் அமர்ந்துவிடும் என்று நம்பிப் பொருள் செலவிடுவோர் இதனை நினைவில் கொள்வது நல்லது.) அச்செங்கற்களே அமினோ அமிலங்கள். தமிழுக்கு முதலெழுத்துகள் முப்பது. புரதங்களின் மொழிக்கு எழுத்துகள் இருபது. அந்த இருபதும் வெவ்வேறு வரிசையில் நூற்றுக்கணக்கில் கோக்கப்படும்பொழுது, இரத்தத்தில் உயிர்க்காற்றைச் சுமக்கும் ஹீமோகுளோபினும், உணவைச் செரிக்கச் செய்யும் நொதிகளும், நோய்க் கிருமிகளை எதிர்க்கும் பொருள்களும் உண்டாகின்றன.

வரிசை மட்டும் போதுமா? போதாது. கோத்த சங்கிலி தனக்குரிய உருவத்தில் மடிந்தாக வேண்டும். முட்டையின் வெண்கருவைக் கொதிநீரில் இட்டால் அது வெள்ளையாக இறுகிவிடுகிறது. அதனுள் புதிதாக எதையும் நாம் சேர்க்கவில்லை. அமினோ அமிலங்களின் வரிசையும் மாறவில்லை. மடிந்திருந்த சங்கிலிகள் வெப்பத்தால் அவிழ்ந்து, ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன; அவ்வளவே. உருவம் போயிற்று, உருவத்தோடு தொழிலும் போயிற்று. எவ்வளவு குளிரவைத்தாலும் அந்த வெண்கரு பழைய நிலைக்குத் திரும்பாது. ஆதலால், ஒரு புரதம் என்ன செய்கிறது என்று அறிய விரும்புவோர், அது எவ்வாறு மடிந்திருக்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

கொலாஜனின் உருவம் நெடுங்காலம் அறியப்படாமலே இருந்தது. தோலையும் எலும்பையும் நெடுநேரம் நீரில் கொதிக்கவைத்தால் பசை கிடைக்கும் என்பதைத் தச்சர்கள் பல தலைமுறைகளாக அறிவார்கள். மரத்தோடு மரத்தை ஒட்டுவதற்கு அவர்கள் காய்ச்சிய வச்சிரம் அதுவே. கொலாஜன் என்ற சொல்லும், பசையை உண்டாக்குவது என்று பொருள்படும் கிரேக்க மொழிச் சொற்களிலிருந்து பிறந்ததுதான். மனித உடலிலுள்ள புரதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொலாஜனே. இவ்வளவு மிகுதியாக உள்ள பொருளின் கட்டமைப்பை உலகின் பெரிய ஆராய்ச்சிக் கூடங்கள் பல தேடிக்கொண்டிருக்க, அதற்கான விடை சென்னையில், அடையாற்றிலிருந்து கிண்டிக்குச் செல்லும் சாலையின் அருகே கிடைத்தது.

1952ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தராக விளங்கியவர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார். பௌதிகத் துறைக்குத் தலைமை ஏற்குமாறு அவர் சர் சி. வி. இராமனை வேண்டினார். இராமன் தாம் வர இயலாதென்று கூறித் தம் மாணவர் ஒருவரைச் சுட்டினார். அவருக்கு அப்பொழுது முப்பது வயதும் நிறையவில்லை. அவரே ஜி. என். இராமச்சந்திரன். எர்ணாகுளத்தில் 1922ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் பிறந்தவர். கணிதப் பேராசிரியரின் மைந்தர். திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் பயின்றவர். பெங்களூரில் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மின்பொறியியல் கற்கச் சென்ற அவரை, இராமன் பௌதிகத்திற்கு மாற்றிக்கொண்டார். பின்னர் கேம்பிரிட்ஜில் ஆராய்ந்து 1949ஆம் ஆண்டில் பட்டம் பெற்றுத் திரும்பியவர்.

கிண்டியில் எக்ஸ்-கதிர் ஆராய்ச்சிக் கூடம் ஒன்றை அமைத்த இராமச்சந்திரன், எந்தப் பொருளை ஆராயலாம் என்று எண்ணிக்கொண்டிருந்தார். அப்பொழுது சென்னைக்கு வந்திருந்த விஞ்ஞானி ஜே. டி. பெர்னல், கொலாஜனின் அமைப்பு இன்னும் துலங்கவில்லை என்று உரையாடலின் இடையே கூறினார். அச்சொல் இராமச்சந்திரனைப் பற்றிக்கொண்டது. ஆராய்ச்சிக்குத் தூய கொலாஜன் வேண்டுமே! அதற்கும் தொலைவு செல்ல வேண்டியிருக்கவில்லை. 1948ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அடையாற்றில், அருகிலேயே இருந்தது. தோல் என்பது பெரும்பாலும் கொலாஜன்தானே! அந்நிலையத்தின் உதவி கிடைத்தது. கங்காருவின் வால் தசைநாணிலிருந்து எடுத்த இழைகள் தெளிவான எக்ஸ்-கதிர்ப் படங்களைத் தந்தன. மேலைநாடுகளின் விஞ்ஞானிகள் வியக்குமாறு செய்த ஒரு கண்டுபிடிப்பு, ஆஸ்திரேலிய விலங்கின் வாலையும் அடையாற்றுத் தோல் நிலையத்தையும் துணைக்கொண்டு பிறந்தது என்பது சுவையான செய்தியன்றோ?

எக்ஸ்-கதிர்ப் படம் நாம் கண்ணால் காணும் நிழற்படம் போன்றதன்று. அதில் புரதத்தின் உருவம் தெரியாது. ஒளிப் புள்ளிகளும் கீற்றுகளுமே தெரியும். வாசலில் இட்ட சிக்குக் கோலத்தின் இழைகள் எல்லாம் அழிந்து, புள்ளிகள் மட்டும் எஞ்சினால், இழை எப்படி வளைந்து சென்றது என்று ஊகிக்க முடியுமா? அதைவிடவும் அரிய செயல் இது. ஏனெனில் படத்திலுள்ள புள்ளிகள் அணுக்களின் இருப்பிடங்களும் அல்ல. அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதால் கதிர்கள் சிதறி உண்டாக்கிய விளைவுகள் அவை. ஓர் உருவத்தைக் கற்பனை செய்து, அது இத்தகைய புள்ளிகளைத் தருமா என்று கணக்கிட்டுப் பார்ப்பதே வழி.

இராமச்சந்திரனும் அவரோடு உழைத்த கோபிநாத் கர்த்தாவும் இவ்வாறு கணக்கிட்டனர். அவர்களுக்கு ஒரு துப்பு இருந்தது. கொலாஜனில் உள்ள அமினோ அமிலங்களுள் மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்பது இரசாயன ஆய்வால் முன்னரே தெரிந்திருந்தது. கிளைசின்தான் அமினோ அமிலங்களுள் மிகச் சிறியது. பொதுவாக மற்றவற்றின் பக்கத்தில் சிறிதும் பெரிதுமான கிளைகள் நீண்டிருக்கும். கிளைசினிலோ ஒரே ஒரு ஹைட்ரஜன் அணு. மூன்றில் ஒன்று என்ற இந்தக் கணக்கு ஏன்? ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் மிகச் சிறியதே இருந்தாக வேண்டிய நெருக்கடி எங்கே ஏற்படும்?

மூன்று சங்கிலிகள் ஒன்றோடொன்று நெருங்கி நின்றால் ஏற்படும்! மூன்றுக்கும் நடுவே உள்ள இடுக்கில் வேறு எதுவும் நுழைய இயலாது. கிளைசின் ஒன்றுதான் அங்கே அடங்கும். இக்கருத்தை வைத்து, மூன்று சங்கிலிகள் இணைந்த அமைப்பொன்றை இருவரும் 1954ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். அடுத்த ஆண்டிலேயே அதனைத் திருத்தினர். மூன்று சங்கிலிகளும் தனித்தனியே சுருண்டிருப்பதோடு, ஒன்றையொன்று தழுவி முறுக்கிக்கொண்டும் உள்ளன என்பதே திருத்தம். சந்திரன் பூமியை எப்படிச் சுற்றினாலும் ஒரே முகத்தை நமக்குக் காட்டுவது போல, ஒவ்வொரு சங்கிலியும் எவ்வளவு முறுகினாலும் தன் கிளைசின் பக்கத்தையே உட்புறம் காட்டி நிற்கும். நம் நாட்டில் கயிறு திரிப்போர் புரிகளை ஒருபுறமாக முறுக்கி, அவற்றைச் சேர்த்து மறுபுறமாக முறுக்குவர். அதனால் கயிறு பிரியாமல் உறுதி பெறும். ஒரு புரியில் ஏறத்தாழ ஆயிரம் அமினோ அமிலங்கள் கொண்ட இந்த முப்புரிக் கயிற்றின் உறுதிக்கும் அதே சூழ்ச்சிதான் காரணம். கயிறு திரிப்பவர் கைப்பழக்கத்தால் அறிந்ததை, இயற்கை அவருடைய கையின் நாண்களுக்குள்ளேயே செய்து வைத்திருக்கிறது.

ஆனால் செய்தி இத்துடன் முடியவில்லை. டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருளை 1953ஆம் ஆண்டில் கண்ட இருவருள் ஒருவரான பிரான்சிஸ் கிரிக்கும், அவருடன் ஆராய்ந்த அலெக்சாண்டர் ரிச்சும் ஓர் மறுப்பை எழுப்பினர். மூன்று சங்கிலிகள் என்பது சரி. ஆனால் சென்னையார் காட்டிய அமைப்பில் சில அணுக்கள் மிகவும் நெருங்கி நிற்கின்றன. அவ்வளவு நெருக்கம் இயலாது. சங்கிலிகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு என்று சென்னையார் கொண்டது பொருந்தாது, ஒன்றே பொருந்தும் என்பது அவர்கள் வாதம். பிணைப்பைப் பற்றிய மட்டில் அவர்கள் கூற்றே பின்னர் நிலைபெற்றது. முப்புரி என்னும் அடிப்படை கிண்டியில் பிறந்தது. இரண்டையும் சொல்லாமல் ஒன்றை மட்டும் சொல்லிப் புகழ்வது, இராமச்சந்திரன் போன்ற ஒருவருக்குச் செய்யும் சிறப்பாகாது.

புகழ்பெற்ற ஒருவர் மறுக்கும்பொழுது சினந்து வாதிடுவோர் உண்டு. சோர்ந்து ஒதுங்குவோரும் உண்டு. இராமச்சந்திரன் அந்த மறுப்பிலிருந்து ஒரு வினாவை எடுத்துக்கொண்டார். ‘மிகவும் நெருக்கம்’ என்கிறார்களே, எவ்வளவு நெருங்கினால் அது மிகையாகும்? இரண்டு அணுக்கள் ஒன்றையொன்று எவ்வளவு தூரம் அணுகலாம்? இதற்கு அனைவரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் அன்று இல்லை. வினா மிக எளியது. விடை காண்பதற்கோ பல ஆண்டுகள் பிடித்தன. அதுவரை வெளியாகியிருந்த படிகங்களின் ஆய்வுகளை அவருடைய குழுவினர் துருவிப் பார்த்தனர். கார்பன் அணுவுக்கும் கார்பன் அணுவுக்கும், கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும், ஹைட்ரஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் எனத் தனித்தனியே எல்லை வகுத்தனர். பிணைப்பில்லாத இரு கார்பன் அணுக்கள் பொதுவாக 3.2 ஆங்ஸ்ட்ராம் அளவுக்கு நெருங்கலாம். மிக அரிதாக 3.0 வரை, அதற்கும் உட்பட்டால் அந்த அமைப்பு நிற்காது. ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு.

எல்லைகள் கிடைத்தபின் அடுத்த படி எழுந்தது. புரதச் சங்கிலியில், வளையாத தகடு போன்ற பகுதிகள் தொடர்ந்து வருகின்றன. அடுத்தடுத்த இரு தகடுகள் ஒரு கார்பன் அணுவில் கூடுகின்றன. அவ்வணுவின் இருபுறமும் கதவின் கீல் போல ஒவ்வொரு திருப்பம் உண்டு. ஃபை, சை என்னும் கிரேக்க எழுத்துகளால் அவ்விரு திருப்பங்களின் கோணங்களையும் குறிப்பர். சங்கிலி முழுவதிலும் இவ்விரு கோணங்களும் தெரிந்துவிட்டால் அதன் மடிப்பே தெரிந்ததாகும். ஒவ்வொரு கீலும் 360 பாகை சுழலலாம் என்று தோன்றும். உண்மை அவ்வாறன்று. தீபாவளிக்கு முன்னாட்களில் தியாகராய நகரின் ரங்கநாதன் தெருவில் சென்றவர்களுக்கு இது எளிதில் விளங்கும். விருப்பம்போலத் திரும்ப யார் அங்கே இடம் கொடுப்பார்கள்? ஒரு பக்கம் திரும்பினால் தோள் இடிக்கும். மறுபக்கம் திரும்பினால் கைப்பை இடிக்கும். புரதத்தின் கீலும் பெரும்பாலான கோணங்களில் திரும்ப இயலாமல் அணுவோடு அணு மோதி நின்றுவிடுகிறது. கைச்சுமை இல்லாத சிறுவன் மட்டும் கூட்டத்தில் புகுந்து புறப்படுவது போலக் கிளைசினுக்கு மட்டும் உரிமை சற்று மிகுதி.

எந்தெந்தக் கோணங்கள் இயலும், எவை இயலா என்று இராமச்சந்திரனும், சி. இராமகிருஷ்ணனும், வி. சசிசேகரனும் ஒவ்வொன்றாகக் கணக்கிட்டனர். இன்றுள்ளவை போன்ற கணிப்பொறிகள் அன்று அவர்களுக்குக் கிட்டவில்லை. கையால் இயக்கும் கணக்குப் பொறியும் பொறுமையுமே துணை. கணக்கின் முடிவை ஒரே சதுரப் படத்தில் வரைந்தனர். குறுக்கே ஒரு கோணம். நெடுக்கே ஒரு கோணம். இயலும் இடங்கள் சில தீவுகள் போல எழ, நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்ட பரப்பு வெறுமையாக நின்றது. 1963ஆம் ஆண்டில் அது வெளியாயிற்று. ‘இராமச்சந்திரன் படம்’ என்று உலகம் வழங்குவது இதனையே.

அக்காலத்தில் முழு அமைப்பும் தெரிந்த புரதங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இன்று உலகப் புரத அமைப்புக் களஞ்சியத்தில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் சேர்ந்துள்ளன. எந்த நாட்டில் எவர் புதிதாக ஓர் அமைப்பைக் கண்டாலும், அதிலுள்ள கோணங்களை இந்தப் படத்தின்மேல் இட்டுப் பார்க்கின்றனர். வெற்றுப் பரப்பில் பல புள்ளிகள் விழுமானால், தம் கணக்கில் எங்கோ பிழை என்று உணர்கின்றனர். கணிப்பொறியே ஊகித்துத் தரும் உருவங்களுக்கும் இதுவே உரைகல். இராமச்சந்திரனுக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லையே என்று வருந்துவோர் இன்றும் உண்டு. எனினும் புரதம் ஆராயும் கூடங்களில் நாள்தோறும் ஒலிக்கும் பெயர் அவருடையது; பரிசு பெற்றவர்களுள்ளும் எத்தனை பேருக்கு இது வாய்த்தது?

இனி உடல்நலத்தின் பக்கம் திரும்பிப் பார்ப்போம். நெடுங்காலம் கடலில் சென்ற மாலுமிகளை ஸ்கர்வி என்னும் நோய் வாட்டிற்று. ஈறுகளில் இரத்தம் கசியும், பல் ஆடும், ஆறிப்போன பழைய புண்ணும் மீண்டும் வாய் திறக்கும். 1747ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், நோயுற்ற பன்னிரு மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு மருந்துகள் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைவில் தேறினர். காரணம் அவருக்குத் தெரியாது. முப்புரியின் அமைப்பை அறிந்த நமக்கு அது தெளிவாகிறது. கொலாஜனில் உள்ள புரோலின் என்னும் அமினோ அமிலத்தோடு ஓர் ஆக்சிஜன் அணு சேர்ந்தால்தான் மூன்று புரிகளும் உடலின் வெப்பத்தில் பிரியாமல் நிற்கும். அதனைச் சேர்க்கும் நொதிகள் தளராது உழைக்க வைட்டமின் சி வேண்டும். அது கிட்டாவிடில் புதிதாக உண்டாகும் கயிறு முறுக்கு நில்லாமல் தளர்கிறது. உடலோ பழைய கொலாஜனை நீக்கிப் புதியதை இட்டுக்கொண்டே இருப்பது. ஆகவே ஆறிய புண்ணும் அவிழ்கிறது. ஆடும் மாடும் இந்த வைட்டமினைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்கின்றன. மனிதனுக்கு அந்த ஆற்றல் இல்லை. அவன் அதை உண்டே பெறவேண்டும். அதியமான் ஔவைக்கு ஈந்தது நெல்லிக்கனி என்று தமிழ் மரபு கூறுகிறது. நெல்லி வைட்டமின் சி நிறைந்த காய்களுள் ஒன்று என்பதை எண்ணும்பொழுது, நம் முன்னோர் அதனை உயர்வாகக் கருதியது பொருத்தமாகவே தோன்றுகிறது.

உணவில் குறையில்லாதபோதும், பிறவியிலேயே வரிசையில் ஓர் எழுத்துப் பிழை நேர்வதுண்டு. முப்புரியின் நடுவே கிளைசின் இருக்க வேண்டிய ஓரிடத்தில் அதனினும் பெரிய ஒன்று அமர்ந்துவிட்டால், அங்கே கயிறு புடைத்துப் பழுதாகிறது. அத்தகைய குழந்தையின் எலும்புகள் சிறு தடுக்கலிலும் முறிந்துபோகின்றன. ஆயிரத்தில் ஓர் எழுத்து. ஆயினும் அக்குழந்தை ஓடி விளையாட முடிவதில்லை. ஹீமோகுளோபினிலும் இத்தகைய பிழை உண்டு. அதன் ஒரு சங்கிலியில் ஆறாவது இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறிவிடுவதால், சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து சிறு குழாய்களை அடைத்துக்கொள்கின்றன. நம் நாட்டில் இந்த அரிவாளணுக் குறை முதன்முதலாக வெளிப்பட்டது நீலகிரியின் பழங்குடி மக்களிடையே, 1952ஆம் ஆண்டில். இராமச்சந்திரன் கிண்டிக்கு வந்த அதே ஆண்டில்.

இராமச்சந்திரன் 1970ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக் கழகத்தை விட்டு நீங்கினார். அடுத்த ஆண்டில், எக்ஸ்-கதிர்ப் படங்கள் பலவற்றிலிருந்து பொருளின் உள்ளுருவைத் திரும்பப் பெறும் கணக்குமுறை ஒன்றை ஏ. வி. இலட்சுமிநாராயணனுடன் வெளியிட்டார். உடலைத் துண்டு துண்டாகப் படம்பிடித்துக் காட்டும் மருத்துவமனைப் பொறிகளுக்கு அத்தகைய கணக்கே உயிர். பெங்களூரில் இன்னொரு துறையைத் தோற்றுவித்து வளர்த்தபின், இறுதி ஆண்டுகளில் அவர் சென்னைக்கே வந்து சேர்ந்தார். அந்நாளில் பார்க்கின்சன் நோய் அவரைத் தளர்த்தியிருந்தது. கை நடுங்கி, நடை குன்றி, உடல் இறுகும் அந்த நோயில், மூளையின் நரம்பணுக்களுக்குள் ஒரு புரதம் தவறாக மடிந்து கட்டி கட்டியாகத் திரள்கிறது என்பது 1997ஆம் ஆண்டில் தெரியவந்தது. 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் அவர் மறைந்தார். அந்தப் புரதம் ஏன் அவ்வாறு மடிகிறது என்பது இன்னும் முழுமையாக விளங்கவில்லை. அதன் திரள்களின் உருவத்தை ஆராய்வோர், தாம் கண்டது சரிதானா என்று பார்ப்பதற்கு எடுத்துக்கொள்வது, கிண்டியில் வரைந்த அந்தச் சதுரப் படத்தைத்தான்.